ஒத்து

கால்கரியிலிருந்து பான்ஃப் ஊருக்கு ஏறக்குறைய 130 கிலோமீட்டர். சுற்றிலும் மலை சூழ்ந்த அந்தச் சிற்றூரின் கலை மையத்தில் மூன்றாண்டுக்கு ஒருமுறை, ஆகஸ்ட் கடைசியில், குவார்ட்டெட் போட்டி நடக்கிறது. 1983இல் தொடங்கியது. இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ என்று நான்கு பேர் உட்கார்ந்து வாசிப்பதுதான் குவார்ட்டெட். பல நாடுகளிலிருந்து 10 குழுக்களைத் தேர்ந்தெடுத்து அழைப்பார்கள். எல்லோரும் 35 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். 2019இல் என் மகள் என்னையும் எட்டு வயதுப் பேத்தியையும் கடைசி நாளுக்குக் கூட்டிப் போனாள்.

எனக்கு அந்த இசை அப்போது பழகியிருக்கவில்லை. நான் மயிலாடுதுறைப் பக்கத்துப் பள்ளிகளில் முப்பத்திரண்டு வருஷம் தமிழ் நடத்திவிட்டு, கணவர் போன பிறகு கால்கரிக்கு மகளோடு வந்து சேர்ந்தவள். ஆனாலும் அன்றைக்கு முடிவு அறிவித்த விதம் மறக்கவில்லை. முதல் பரிசு மார்மென் குவார்ட்டெட்டுக்கு என்றார்கள். உடனே, முதல் பரிசு வியானோ குவார்ட்டெட்டுக்கும் என்றார்கள். இரண்டு குழுவும் முதல். அந்தப் போட்டியில் அதற்கு முன் அப்படி நடந்ததில்லை என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். மேடையில் எட்டுப் பேர் நின்றார்கள். பேத்தி என் புடவைத் தலைப்பை இழுத்து, "அப்போ யாரு பாட்டி ஜெயிச்சா?" என்று கேட்டாள்.

"ரெண்டு பேரும்தான்" என்று சொல்லிவிட்டேன். எட்டுப் பேர் நிற்கும்போது இரண்டு பேர் என்று சொன்னதை அவள் பிடித்துக்கொண்டாள். காரில் வீடு திரும்பும் வழியெல்லாம் அதே கேள்வி. நாலு பேரில் யார் நன்றாக வாசித்தார்கள் என்று எப்படித் தெரியும்? ஒருவர் சுமாராக வாசித்திருந்தால் அவருக்கும் பரிசு உண்டா? என்னிடம் பதில் இல்லை. இந்தக் கேள்வி எனக்குப் புதிதும் இல்லை. நான் பிறந்த வீட்டுக் கேள்வி அது.

என் அப்பா ஒத்துக்காரர். பெரியமேளத்தில் நாயனக்காரருக்குப் பின்னால் நின்று, விரல் ஓட்டமே இல்லாத நீண்ட குழலில் ஸட்ஜத்தை மட்டும் விடாமல் ஊதுகிறவர். கன்னத்தில் காற்றை நிறுத்தி, மூக்கால் மூச்சு வாங்கி, ஊதல் அறுந்துபோகாமல் ஊத வேண்டும். புறப்பாடு நான்கு மணி நேரம் நடந்தால் நான்கு மணி நேரமும் அந்த ஒரு ஸ்வரம்தான். ஒத்தின் அடிப்பக்கத்தில் சில துளைகள் உண்டு. அவற்றை மெழுகால் அடைத்து, மெழுகைக் கூட்டியும் குறைத்தும் நாயனத்தோடு சுருதி சேர்ப்பார். கச்சேரிக்கு முன்னால் அவர் செய்கிற நுட்பமான வேலை அதுதான். அதை யாரும் பார்த்ததில்லை.

தமிழில் ஒரு வசை இருக்கிறதே, "அவனுக்கு இவன் ஒத்து ஊதுறான்" என்று. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் என்னைப் பார்த்து அதைச் சொல்லிச் சிரித்தார்கள். பிறகு நானே ஆசிரியையாக, இலக்கணக் கட்டுரைகளில் அந்தச் சொல்லைத் திருத்தும்போதெல்லாம் கை ஒரு கணம் நிற்கும். ஒத்துப்போதல், ஒத்துழைப்பு, ஒத்திசைவு என்று நல்ல பொருளில் எத்தனை சொல் அதே வேரிலிருந்து வருகிறது. குழலை ஊதியவருக்கு மட்டும் இழிவு வந்து ஒட்டிக்கொண்டது. இன்றைக்கு அந்த இடத்தில் மின்சாரச் சுருதிப்பெட்டி வந்துவிட்டது. அப்பா காலத்துக் குழலை என் அண்ணன் வீட்டுப் பரணில் பார்த்ததுதான் கடைசி.

பேத்தி பத்து வயதில் வயலினை விட்டு வயோலாவுக்கு மாறுகிறேன் என்றபோது நான் தடுத்தேன். இதை மறைக்காமல் எழுத வேண்டும். வயோலா வயலினைவிடக் கொஞ்சம் பெரியது, குரல் தாழ்ந்தது. குவார்ட்டெட்டில் மேலே முதல் வயலின் பாடும்; கீழே செல்லோ தாங்கும்; இரண்டாம் வயலினும் வயோலாவும் இடையில். "நடுவுல போய் ஏன்டி உக்காரணும்? உன்னை யாரு கேப்பா?" என்றேன். அவள் சேர்ந்த சனிக்கிழமைப் பயிற்சித் திட்டத்தில் பதின்வயதுப் பிள்ளைகளை நாலு நாலு பேராகப் பிரித்து வாரந்தோறும் வாசிக்க வைக்கிறார்கள். அவளுடைய குழு முதன்முதலாக ஊர்ப் போட்டி ஒன்றுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியது. அன்றிரவும் நான் சும்மா இருக்கவில்லை. "ஒரு முழுச் சுத்து வில்லை மடியில வெச்சிக்கிட்டு உக்காந்திருந்தியே" என்றேன்.

அவர்கள் வாசித்தது ஹைடனின் குவார்ட்டெட், ஓப்பஸ் 76இல் மூன்றாவது. 1799இல் அச்சானது. அதன் இரண்டாம் பகுதியில் ஒரு மெட்டு. 1797இல் புனித ரோமானியப் பேரரசருக்காக அவரே அமைத்த வாழ்த்து மெட்டு. அதைச் சொல்லி முடித்ததும் நான்கு சுற்று வருகிறது. முதல் சுற்றில் மெட்டு இரண்டாம் வயலினுக்கு; முதல் வயலின் அதைச் சுற்றிக் கொடி மாதிரி படரும்; வயோலாவும் செல்லோவும் வாய் திறப்பதில்லை. இரண்டாம் சுற்றில் செல்லோ, மூன்றில் வயோலா, நான்கில் திரும்ப முதல் வயலின். மெட்டு மாறவே மாறாது, கைதான் மாறும். நான் குறை சொன்னது அந்த முதல் சுற்றை.

பேத்தி சண்டை போடவில்லை. கைபேசியில் ஒரு பதிவைப் போட்டுக் காதில் மாட்டிவிட்டாள். காய்ச்சல் வந்து அவள் பயிற்சிக்குப் போகாத ஒரு சனிக்கிழமை, மற்ற மூன்று பேர் மட்டும் வாசித்துப் பதிந்து அனுப்பியது. மூன்றாம் சுற்றில் மெட்டு இல்லாமல் மூன்று வாத்தியம் ஒரு வெற்று நாற்காலியைச் சுற்றி வந்தன, அதை எதிர்பார்த்தேன். என்னைக் கலக்கியது தொடக்கம்தான். அங்கே மெட்டு முதல் வயலினிடம் பத்திரமாக இருந்தது. கீழே செல்லோவும் இருந்தது. ஆனால் மெட்டு மெலிந்து, காற்றில் தொங்கிற்று. மூன்று பிள்ளைகளும் வழக்கம்போல்தான் வாசித்தார்கள். அவளை நான் ஒருநாளும் தனியாகக் காதால் பிரித்துக் கேட்டதில்லை. அவள் இல்லாதபோதுதான் அவள் எங்கே இருந்தாள் என்று தெரிந்தது. அப்பா ஒருநாள் மூச்சு வாங்கக் குழலை எடுத்தபோது நாயனம் தடுமாறி நின்ற ஒரு புறப்பாடு எனக்கு நினைவுக்கு வந்தது.

அதன் பிறகு நான் சனிக்கிழமைகளில் அங்கே போய் உட்கார ஆரம்பித்தேன். பெற்றோருக்கு இடமுண்டு. பயிற்சி தரும் அம்மையார் வயோலா வாசிப்பவர், கண்டிப்பானவர். அவர் ஒருநாள் சுருதி சேர்ப்பதை விளக்கியது என் மீதி வாழ்நாளுக்கான பாடம்.

வயலினில் ஈ, ஏ, டி, ஜி என்று நான்கு தந்தி. வயோலாவில் ஏ, டி, ஜி, சி. செல்லோவிலும் அவையே, ஒரு ஸ்தாயி கீழே. பக்கத்துப் பக்கத்துத் தந்திகளுக்கு நடுவே நம் ச-ப உறவு. ஏ தந்தியை நொடிக்கு 440 அதிர்வு என்று வைத்துக்கொள்வோம். பஞ்சமம் பிசிறில்லாமல் நிற்க 2க்கு 3 என்ற கணக்கு வேண்டும். அந்தச் சுத்தத்தோடு மேலே ஒரு தந்தி ஏறினால் வயலினின் ஈ 660. அதே சுத்தத்தோடு கீழே மூன்று தந்தி இறங்கினால் வயோலாவின் சி 130.37. எல்லாம் சரி. இப்போது அந்த சி-யும் ஈ-யும் சேர்ந்து ஒலிக்க வேண்டும். சி ஸட்ஜம் என்றால் ஈ அதன் அந்தர காந்தாரம். தம்புராவில் மந்தரத் தந்தியை மீட்டியதும் யாரும் பாடாமலே ஒரு காந்தாரம் எழும்புமே, அந்தக் காந்தாரம் ஸட்ஜத்தின் அதிர்வைப் போல் மிகச் சரியாக 5 மடங்கு. காதுக்கு வேண்டியது அதுதான். இங்கே கிடைப்பதோ 5.0625 மடங்கு. இரண்டும் சேர்ந்தால் உரசுகிறது.

யாரும் தப்புச் செய்யவில்லை. வயலின்காரப் பையன் சுத்தமாகச் சேர்த்திருக்கிறான், வயோலாக்காரப் பெண்ணும் சுத்தமாகச் சேர்த்திருக்கிறாள். ஒவ்வொருவரும் தனியே சரி, கூடினால் தப்பு. 80க்கு 81 என்கிற இந்தச் சின்ன இடைவெளியை நம் சுருதி சாஸ்திரத்தில் பிரமாண சுருதி என்பார்கள். இயற்கையிலேயே இருக்கிற பிசகு இது, எந்தக் கொல்லனும் தச்சனும் சரிசெய்ய முடியாது. ஆகவே குவார்ட்டெட்காரர்கள் ஒவ்வொரு பஞ்சமத்தையும் ஒரு மயிரிழை குறுக்கிக்கொள்கிறார்கள். வயோலாவும் செல்லோவும் சி தந்தியைத் துளி ஏற்றி வைக்கின்றன. வயலின், ஈ தந்தியைத் திறந்து வாசிக்காமல், பக்கத்துத் தந்தியில் விரல் வைத்துத் துளி தாழ்த்துகிறது. அதோடும் முடிவதில்லை. அதே ஈ, அடுத்த கணம் ஏ-க்குப் பஞ்சமமாக நிற்க வேண்டி வந்தால் மறுபடி உயர வேண்டும். ஒவ்வொரு சேர்க்கையிலும் யார் எவ்வளவு நகர்வது என்று நாலு காதுகள் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். வாரக்கணக்கில் அவர்கள் அறைக்குள் செய்வது பெரும்பாலும் இதுதான்.

கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு உமாபதி சிவத்தின் நினைவு வந்தது. பணி ஓய்வுக்குப் பிறகு மயிலாடுதுறையில் ஞாயிறு மாலைகளில் ஒரு பெரியவரிடம் சைவ சித்தாந்த வகுப்புக் கேட்டேன். பதினான்காம் நூற்றாண்டுத் திருவருட்பயனில், முத்தியில் இறைவனும் உயிரும் எப்படிக் கூடுகிறார்கள் என்பதற்கு ஒரே ஒரு சொல்லை உவமையாக வைத்திருக்கிறார் உமாபதி சிவம்: தாடலை. தாள் என்ற சொல்லும் தலை என்ற சொல்லும் புணர்ந்து ஆன சொல். தாள் இறைவன் திருவடி, தலை அடியவர் தலை. கூடிய பிறகு ஒரே சொல்; அதற்காகத் தாள் என்ற பொருளோ தலை என்ற பொருளோ அழிந்துவிடவில்லை. ஒன்றும் அன்று, இரண்டும் அன்று. அத்துவிதம் என்ற சொல்லுக்குச் சைவம் கொள்ளும் பொருள் இது.

தமிழாசிரியைக்கு அந்தச் சொல்லின் எழுத்துகளைப் பார்க்காமல் இருக்க முடியாது. தலையின் த, ட ஆகிறது. தாளின் ள் மறைந்தே போகிறது. நாக்கு நுனியை வளைத்து மேலண்ணத்தில் தொடுகிற இயல்பு ள்-க்கு உண்டு, த-வுக்குக் கிடையாது. போகும்போது ள் தன் நாவளைவைத் த-வுக்குக் கொடுத்துவிட்டுப் போகிறது. அதனால்தான் அங்கே ட. நான் வகுப்பில் எழுந்து கேட்டேன்: "ஐயா, தலை மாறுது, சரி. திருவடியோட எழுத்தே காணாமப் போகுதே. இறைவன் மாறாதவன்னு சித்தாந்தம் சொல்லுதே, அது என்னாச்சு?" அவர் முதலில், உவமையை முழுக்க இழுக்கக் கூடாதம்மா என்றார். பிறகு கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, "அவன் செய்யற தொழில் அஞ்சுல மறைத்தல் ஒண்ணு. மறைத்தலும் அருள்தான்" என்றார். எனக்கு அன்று பாதிதான் விளங்கியது. கால்கரியில் வயோலாவின் சி தந்தி ஏறுவதைப் பார்த்தபோது மீதியும் கொஞ்சம் விளங்கியது. மறைந்தது போய்விடவில்லை, பக்கத்து எழுத்தின் ஒலியாக இருக்கிறது.

இந்தக் குழுக்கள் தங்களுக்கு வைத்துக்கொள்ளும் பெயர்களைப் பேத்தி எனக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்கினாள். வியானோ 2015இல் லாஸ் ஏஞ்சலிஸின் கோல்பர்ன் இசைப் பள்ளியில் உருவான குழு. வியானோ என்று ஒரு வாத்தியம் உலகத்தில் இல்லை. வயலின், வயோலா, வயலன்செல்லோ என்று எல்லாமே ஆங்கில 'வி'-யில் தொடங்குகின்றன; நான்கும் சேர்ந்தால் பியானோ மாதிரி மெட்டும் சேர்க்கையும் ஒன்றாகத் தருகிற ஒரே வாத்தியம். அந்த இல்லாத வாத்தியத்துக்கு அவர்கள் வைத்த பெயர் அது. அந்தக் குழுவின் இரண்டு வயலின்காரர்களும் முதல் இருக்கையை மாற்றி மாற்றி எடுத்துக்கொள்கிறார்கள். அவர்களோடு பரிசைப் பெற்ற மார்மென், 2013இல் லண்டன் ராயல் இசைக் கல்லூரியில் பிறந்தது; அதற்கு முதல் வயலின்காரரின் குடும்பப் பெயர். ஒரு குழு ஆள் பெயரில், ஒரு குழு யாருமில்லாத பெயரில். நடுவர்களால் அந்த இரண்டையும் மேலே கீழே என்று வைக்க முடியவில்லை என்பது எனக்கு இப்போதும் பிடித்திருக்கிறது.

2022இல் முதல் பரிசு பெற்றது இசிடோர் குவார்ட்டெட். நியூயார்க் ஜூலியார்ட் பள்ளி மாணவர்களாக 2019இல் குழுவாகச் சேர்ந்தவர்கள். தொற்றுக் காலம் பிரித்துப் போட்டது. 2021 கோடையில் மேய்ன் மாநிலத்து ப்ளூ ஹில் ஊரில் உள்ள நைசல் ஹால் என்ற பயிற்சி முகாமில் மறுபடி கூடினார்கள். அங்கே அவர்களுக்குக் கற்றுத் தந்தவர் ஜோயல் க்ராஸ்னிக். 1974 முதல் 2016 வரை ஜூலியார்ட் குவார்ட்டெட்டில் செல்லோ வாசித்தவர். அடுத்த ஆண்டே பான்ஃப், அதற்கடுத்த ஆண்டு ஏவரி ஃபிஷர் உதவித்தொகை. பெயர்க் காரணம் தெரிந்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இசிடோர் கோஹென், 1958 முதல் 1966 வரை ஜூலியார்ட் குவார்ட்டெட்டில் இரண்டாம் வயலின் வாசித்தவர். அந்தக் குழுவை 1946இல் உண்டாக்கியவர்களில் ஒருவரான முதல் வயலின் ராபர்ட் மான் பெயர் உலகம் அறிந்தது. இருபது சொச்சம் வயதுப் பிள்ளைகள் தங்கள் குழுவுக்குப் பெயர் தேடும்போது இரண்டாம் நாற்காலியை எடுத்துக்கொண்டார்கள். ஒத்துக்காரர் பெயரில் ஒரு மேளம் நம் பக்கம் உண்டா என்று யோசித்துப் பார்த்தேன். நான் அறிந்து இல்லை.

வியானோவுக்குக் கற்றுக்கொடுத்தவர்களின் வரிசையும் இப்படித்தான் பின்னால் போகிறது. மார்ட்டின் பீவர், கிளைவ் கிரீன்ஸ்மித் இருவரும் டோக்கியோ குவார்ட்டெட்டில் கடைசி வரை வாசித்தவர்கள். 1969இல் ஜூலியார்டில் தொடங்கிய அந்தக் குழு 2013இல் வாத்தியத்தைக் கீழே வைத்தது. இருவரும் கோல்பர்னுக்குப் போய்ப் பிள்ளைகளிடம் உட்கார்ந்தார்கள். டோக்கியோக் குழுவுக்கு வழிகாட்டியவர்களில் ராபர்ட் மானும் ஒருவர். பேத்தி கேட்ட "யாரு ஜெயிச்சா" என்பதற்குப் பதில் தேடிப் பின்னோக்கிப் போனால், முடிவே தெரியாத ஒரு வரிசையில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. 2025இல் பரிசு பெற்ற பொயெசிஸ் குவார்ட்டெட் 2022இல்தான் ஒஹாயோவின் ஓபர்லின் இசைக் கல்லூரியில் உருவானது. மூன்றே வருஷம். கிரேக்கத்தில் 'உண்டாக்குதல்' என்று பொருள் தரும் சொல் அவர்கள் பெயர். செய்தவர் பெயரை விட்டு, செய்கையின் பெயரை வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, எல்லோரும் விட்டுக்கொடுங்கள், மறைந்திருங்கள், அதுவே ஆன்மிகம் என்று முடித்தால் நான் என் அப்பாவுக்குத் துரோகம் செய்தவளாவேன்.

எங்கள் மேளத்தில் வரும்படியைப் பங்கு போடுவார்கள். நாயனத்துக்கு ஒரு பங்கு, தவிலுக்கு ஒரு பங்கு, ஒத்துக்குக் கால் பங்கு. பொன்னாடை நாயனத்துக்கும் தவிலுக்கும். ஒருமுறை ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் இடமில்லை என்று அப்பாவைக் கொல்லைப்புறத் திண்ணையில் உட்கார வைத்து இலை போட்டார்கள்; நானும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. விட்டுக்கொடுப்பது பெரிய குணம் என்று அவரிடம் எல்லோரும் சொன்னார்கள். விட்டுக்கொடுக்கும்படி நாயனக்காரரிடம் ஒருவரும் சொன்னதில்லை. ஒரு பக்கம் மட்டும் வளைந்தால் அதற்குத் தாடலை என்று பெயர் கிடையாது. அந்தப் புணர்ச்சியில் இரண்டு எழுத்தும் தங்கள் நிலை மாறுகின்றன. அதிலும் பெரிதாக மாறுவது திருவடியின் எழுத்து. வயோலா சி தந்தியை ஏற்றும்போது வயலின் ஈ-யைத் தாழ்த்த மறுத்தால் சேர்க்கை உரசிக்கொண்டே இருக்கும். பணிவு உபதேசம் செய்கிறவர்கள், பெண்களிடமும் ஏழைகளிடமும் பக்கவாத்தியக்காரர்களிடமும் மட்டும் அதைச் செய்கிறவர்கள், இந்த எழுத்துக் கணக்கைப் பார்க்க வேண்டும் என்று நான் மனமார விரும்புகிறேன். சித்தாந்தம் சொல்லும் ஆணவம் முதல் நாற்காலியில் மட்டும் உட்காருவதில்லை என்பதும் உண்மைதான். என்னை யாரும் கவனிக்கவில்லை என்று வருஷக்கணக்கில் நான் அப்பாவுக்காகச் சுமந்த மனக்கசப்பிலும் அது இருந்தது. ஆனால் கால் பங்கு என்பது ஆணவப் பிரச்சினை இல்லை. அது நியாயப் பிரச்சினை.

இந்த இடத்தில் பெரியபுராணக் கதை ஒன்று என்னை விடுவதில்லை. திருநீலகண்ட யாழ்ப்பாணர் திருஞானசம்பந்தரோடு ஊர் ஊராகப் போய், அவர் பாடுவதை யாழில் இட்டு வாசித்தவர். காரைக்கால் பக்கத்துத் திருத்தருமபுரத்தில் பாணருடைய உறவினர்கள், இவர் யாழில் வாசிப்பதனால்தான் பதிகங்களுக்கு இந்தப் புகழ் என்று பேசினார்கள். பாணர் துடித்துப் போனார். யாழில் அடங்காத பதிகம் ஒன்று பாட வேண்டும் என்று அவரே சம்பந்தரைக் கேட்டுக்கொண்டார். சம்பந்தர் பாடினார். யாழ் தொடர முடியவில்லை. இந்தக் கருவியால்தானே இந்தப் பேச்சு வந்தது என்று பாணர் யாழை உடைக்க ஓங்கினார். அந்தப் பதிகத்துக்கு யாழ்மூரி என்று பெயர். கோயில் இறைவனும் யாழ்மூரிநாதர்.

வாத்தியம் தோற்றது, அருட்பாட்டு வென்றது என்றுதான் எனக்குச் சின்ன வயதில் சொன்னார்கள். அப்பாவோடு ஒரு திருவிழாவுக்கு அந்தக் கோயிலுக்குப் போயிருக்கிறேன். கதையை யாரோ உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் ஒத்துக் குழலைத் துடைத்துக்கொண்டு தலை குனிந்திருந்தார். எனக்கு அந்தக் கதை மேல் கோபம் வந்தது அன்றுதான். வளர்ந்து, மூலத்தைப் படித்தபோது, சொல்கிறவர்கள் வேகமாகத் தாண்டிவிடுகிற இடத்தில் நான் நின்றேன். ஓங்கிய யாழைச் சம்பந்தர் கையால் வாங்கிக்கொள்கிறார். அருளின் அளவைக் கருவியில் அடக்க முடியுமா, முடிந்தமட்டும் வாசியுங்கள் என்று திரும்பக் கொடுக்கிறார். பாணர் மறுபடி வாசிக்கிறார். கடைசி வரை கூடவே வாசிக்கிறார். நல்லூர்ப் பெருமணத்தில் சம்பந்தர் திருமணத்தில் தோன்றிய சோதியில் கலந்தவர்களில் பாணரும் அவர் மனைவி மதங்கசூளாமணியாரும் உண்டு. அறுபத்துமூவரில் ஒருவராக அவர் கும்பிடப்படுகிறார், பக்கவாத்தியக்காரராகவே. புகழ் யாருக்கு என்று கணக்குக் கேட்டவர்கள் உறவினர்கள். பாடியவரும் வாசித்தவரும் அந்தக் கேள்வியை ஆளுக்கொரு விதமாகக் கீழே வைத்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர் வைக்கத் தெரியாமல் யாழையே உடைக்கப் பார்த்தார், மற்றவர் அதைத் தடுத்தார். தன்னை அழித்துக்கொள்வதற்கும் விட்டுக்கொடுப்பதற்கும் நடுவே இருக்கும் வேறுபாட்டைச் சம்பந்தரின் அந்தக் கை அறிந்திருந்தது.

ஹைடனும் ஒருவகையில் இதே கேள்விக்கு முகம் கொடுத்தவர். அவர் தம் இசைக் கையெழுத்துப் பிரதிகளின் தலைப்பில் 'ஆண்டவர் பெயரால்' என்றும், எழுதி முடித்ததும் 'இறைவனுக்குப் புகழ்' என்றும் லத்தீனில் எழுதுவது வழக்கம். நம் வீட்டுப் பெரியவர்கள் மளிகைக் கணக்குக்கும் பிள்ளையார் சுழி போடுவார்களே, அப்படி. 68 குவார்ட்டெட் எழுதிய மனிதர், குவார்ட்டெட்டின் தந்தை என்று அவரை உலகம் சொல்கிறது. தம் பெயரை அவர் அழிக்கவில்லை. அதுவும் தாளில் இருக்கிறது. இறைவன் பெயருக்கும் இறைவன் புகழுக்கும் நடுவே, வேலை செய்தவர் பெயராக இருக்கிறது. அது போதும் என்று எனக்குப் படுகிறது.

பான்ஃபுக்கு 2025இல் பேத்தியோடு மறுபடி போனேன். அவளுக்குப் பதினான்கு வயது. முடிவு சொன்னபோது அவள் யார் ஜெயித்தார்கள் என்று கேட்கவில்லை. அரங்கம் எழுந்து கைதட்டியபோது, மேடையில் வயோலாவை இடுக்கிக்கொண்டு நின்றவரின் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்தக் குளிர்காலத்தில் அவளுடைய குழு எங்கள் வீட்டு நிலவறையில்தான் பயிற்சி செய்கிறது. அம்மையார் அவர்களுக்குப் பீத்தோவனின் ஓப்பஸ் 132 குவார்ட்டெட்டிலிருந்து மூன்றாம் பகுதியின் தொடக்கத்தை மட்டும் கொடுத்திருக்கிறார், சுருதிப் பயிற்சிக்காக. 1825இல் கடும் நோயிலிருந்து எழுந்த பிறகு, பிழைத்தெழுந்தவன் இறைவனுக்குச் செலுத்தும் நன்றிப் பாட்டு என்று தலைப்பிட்டு அவர் எழுதியது. லிடியன் என்ற பழைய முறையில் அமைந்தது. ஸ்வரங்களைக் கேட்டால் நம் கல்யாணி. மிக மெதுவாகப் போகிறது. ஒவ்வொரு சேர்க்கையும் நீண்டு நிற்பதால் ஒரு துளிப் பிசகையும் ஒளிக்க முடியாது. எனக்கு முட்டி வலி. படியில் பாதி இறங்கி அங்கேயே உட்கார்ந்து கேட்பேன்.

போன வியாழக்கிழமை ஒரு சேர்க்கை அவர்களுக்கு நிற்கவே இல்லை. நாலு பேரும் தங்கள் வாத்தியத்தைத் தனித்தனியே சரிபார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. மறுபடி வாசித்தார்கள், மறுபடி உரசிற்று. முதல் வயலின் பையன், "என்னுடையதா?" என்றான். செல்லோக்காரப் பெண் இல்லை என்று தலையாட்டினாள். பேத்தி வயோலாவைக் காதோடு சாய்த்து, பிருடையைப் பிடித்து, சி தந்தியைக் கண்ணுக்குத் தெரியாத அளவு திருகினாள். வயலின் பையன் விரலை ஒரு நூல் பின்னுக்கு நகர்த்தினான். மறுபடி வில்லை வைத்தார்கள். இந்த முறை உரசல் இல்லை. நால்வரும் வாசிக்காத ஒரு மெல்லிய ஸ்வரம் மேலே, கூரைப் பக்கம், தானாக எழும்பி நின்றது. நால்வரும் வில்லை நிறுத்தாமல் அண்ணாந்து பார்த்தார்கள்.

அப்பா மெழுகை நகத்தால் கிள்ளி எடுத்து, ஒத்தை வாயில் வைத்து ஊதி, நாயனக்காரர் முகத்தைப் பார்ப்பார். அவர் தலையை அசைக்கும்வரை மறுபடி கிள்ளுவார். அந்த நகத்தின் கீழே எப்போதும் கொஞ்சம் மெழுகு ஒட்டியிருக்கும். சோறு ஊட்டும்போது எனக்கு அந்த வாசனை வரும்.